இணையத்தில் நோய் தேடும் பதற்றம்: 60-க்கு 38 என்றால் என்ன பொருள்?

உடலில் சிறு மாற்றம் தெரிந்தாலும் உடனே இணையத்தில் தேடுவது உங்கள் வழக்கமாகிவிட்டது. தேடத் தேடப் பயம் கூடுகிறது. அந்தப் பயத்தை அளப்பதாகச் சொல்லும் 12 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை ஒரே வாரத்தில் மூன்று முறை நிரப்பியதில் 60-க்கு 38, 43, 35 என்று மூன்று விதமாக மதிப்பெண் வந்தது. இவற்றில் எது சரி, எனக்குச் சைபர்காண்ட்ரியா என்ற நோய் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இப்படிப்பட்ட ஒரு பதற்றத்தை எண்ணால் அளக்க முடியுமா என்பது முதலாவது. அளக்க முடியுமென்றால் உங்கள் எண்ணுக்கு என்ன பொருள் என்பது இரண்டாவது. தேடலால் பயம் வருகிறதா, பயத்தால் தேடல் வருகிறதா என்பது நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருக்கும் மூன்றாவது. உளவியல் சிகிச்சையாளராகப் பல ஆண்டுகள் உடல்நலப் பயத்தோடு வருபவர்களைப் பார்த்தும், இந்த வினாத்தாள்களை அவர்களிடம் கொடுத்தும் வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு வழியில்லை. நீங்கள் பயன்படுத்திய கருவி எப்படிப்பட்டது என்பதை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

சைபர்காண்ட்ரியா என்பது மருத்துவர்கள் சூட்டிய பெயரல்ல. நோய் இல்லாமலே நோய் இருப்பதாக அஞ்சும் நிலைக்கு வழங்கிவந்த ஹைப்போகாண்ட்ரியா என்ற பழைய சொல்லின் முன்னால் இணையத்தைக் குறிக்கும் சைபரை ஒட்டிப் பத்திரிகைகள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. ஆய்வுலகில் அதற்கு ஓர் உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்களான ரயன் வைட்டும் எரிக் ஹார்விட்ஸும். தேடுபொறிப் பதிவுகளை ஆராய்ந்தும் 515 பேரிடம் கருத்துக் கேட்டும் அவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, தலைவலி போன்ற சாதாரண அறிகுறியில் தொடங்கும் தேடல், மூளைக்கட்டி போன்ற அரிய, கடுமையான நோய்களை நோக்கி ஏறிச் செல்வதைக் காட்டியது. தலைவலிக்கு மூளைக்கட்டி காரணமாக இருப்பது மிக அரிது. ஆனால் வலைப்பக்கங்களில் அது பேசப்படும் அளவுக்கும் அந்த அரிய விகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. காப்பி குடிப்பதை நிறுத்தியதால் வரும் தலைவலியைப் பற்றி யார் பக்கம் பக்கமாக எழுதப்போகிறார்கள்? பின்னர் 2013-இல் ஸ்டார்செவிச், பெர்லே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சிகிச்சையின் பார்வையில் வரையறுத்தார்கள். மிகுதியாகவோ திரும்பத் திரும்பவோ உடல்நலம் பற்றித் தேடுவதும், அந்தத் தேடலால் பதற்றமோ மனவேதனையோ கூடுவதும் சேர்ந்திருந்தால்தான் அது சைபர்காண்ட்ரியா. நிறையத் தேடுவது மட்டுமே போதாது.

நோயா என்ற கேள்விக்கு இங்கேயே ஒரு பகுதி விடை கிடைத்துவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலோ சைபர்காண்ட்ரியா என்ற தனி நோய் இல்லை. அவற்றில் உள்ளது உடல்நலப் பதற்றக் கோளாறு. டிஎஸ்எம்-5 அதற்கு, கடுமையான நோய் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்ற கவலை குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. ஐசிடி-11 அதை, ஒரே எண்ணமும் ஒரே செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) உறவுக் குடும்பத்தில் வைத்திருக்கிறது. அந்த இடமாற்றம் வெறும் வகைப்பாட்டு விவகாரம்போலத் தெரியலாம். ஆனால் கதவு பூட்டியிருக்கிறதா என்று பத்து முறை பார்ப்பவரையும், அதே அறிகுறியைப் பத்து முறை தேடுபவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் ஒரு பார்வை அதில் இருக்கிறது. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஆகவே நீங்கள் நிரப்பிய வினாத்தாள் எந்த மதிப்பெண்ணைக் கொடுத்தாலும், அது ஒரு நோயின் பெயரை உங்கள்மேல் எழுத முடியாது. ஒரு நடத்தைக் கோலம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால், நீங்கள் நிரப்பியது சைபர்காண்ட்ரியா கடுமை அளவுகோலின் சுருக்க வடிவம் என்று எண்ணுகிறேன். மெக்எல்ராய், ஷெவ்லின் என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட மூல வடிவத்தில் 33 கூற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 1 முதல் 'எப்போதும்' என்பதற்கு 5 வரை மதிப்பெண். அந்த 33-உம் ஐந்து பிரிவுகளாக அமைந்தன: தேடல் மற்ற வேலைகளில் குறுக்கிடும் கட்டாயத்தன்மை, தேடலால் வரும் மனவேதனை, தேடலின் மிகுதி, மருத்துவரிடம் போய் உறுதி கேட்கும் ஆறுதல் நாட்டம், மருத்துவர்மேல் அவநம்பிக்கை. இவற்றில் கடைசிப் பிரிவு தொடக்கத்திலிருந்தே தகராறு செய்தது. அதில் மூன்றே கூற்றுகள். இணையத்தைவிட மருத்துவரை நம்புகிறேன் என்ற தொனியில் அமைந்திருந்ததால் மதிப்பெண்ணைத் திருப்பிப்போட்டுக் கூட்ட வேண்டும். மற்ற நான்கு பிரிவுகளோடும் அது சேர்ந்து நகரவில்லை. மருத்துவரை நம்பாதவர்தான் இணையத்தில் தேடுவார் என்ற நம் ஊகம் சரியென்றால் அது சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். உண்மையில் அளவுகடந்து தேடுகிறவர்களில் பலர் மருத்துவரை மிகவும் நம்புகிறவர்கள். ஒரு மருத்துவர் போதாமல் மூன்று மருத்துவர்களை நம்புகிறவர்கள். 2019-இல் அந்தப் பிரிவை நீக்கி, மற்ற நான்கு பிரிவுகளிலும் மூன்று மூன்று கூற்றுகளை மட்டும் வைத்து 12 கூற்றுகள் கொண்ட வடிவத்தை வெளியிட்டார்கள்.

இனி உங்கள் எண்ணுக்கு வருகிறேன். 60-க்கு 38 என்றதும் பள்ளித் தேர்வுபோல 63 விழுக்காடு என்று மனம் கணக்குப் போட்டிருக்கும். இந்த அளவுகோலில் பூஜ்யம் கிடையாது. வாழ்நாளில் ஒருமுறைகூட இணையத்தில் நோயைப் பற்றித் தேடாதவருக்கும் பன்னிரண்டு 'ஒருபோதும் இல்லை' சேர்ந்து 12 வந்துவிடும். ஆக மொத்த நீளம் 12-இலிருந்து 60 வரை, 48 புள்ளிகள். அதில் உங்கள் 38 நிற்பது 26-ஆவது புள்ளியில், ஏறக்குறைய நடுவில். ஒரு கூற்றுக்குச் சராசரியாக 3-க்குச் சற்று மேல், அதாவது 'சில சமயம்' என்பதற்கும் 'அடிக்கடி' என்பதற்கும் இடையில், 'சில சமயம்' பக்கமாக. இந்த ஒரு கணக்கைக் காட்டியவுடனே முகம் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதையும் அதிகம் நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் மொத்தம் என்பது பல சமயம் உள்ளே இருப்பதை மறைக்கும் ஒரு மூடி.

ஒரே 38-ஐ இரண்டு பேர் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3, அதிகபட்சம் 15. முதலாமவருக்கு மிகுதியில் 14, ஆறுதல் நாட்டத்தில் 12, மனவேதனையில் 6, கட்டாயத்தன்மையில் 6. இரண்டாமவருக்கு மிகுதியில் 8, ஆறுதல் நாட்டத்தில் 5, மனவேதனையில் 13, கட்டாயத்தன்மையில் 12. முதலாமவர் நிறையத் தேடுகிறார், தேடியதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேட்கிறார், பிறகு தூங்கிவிடுகிறார். அண்மையில் நீரிழிவு கண்டறியப்பட்டு, அதைப் புரிந்துகொள்ள முனைப்போடு படித்துக்கொண்டிருக்கும் ஒருவர்கூட இப்படி மதிப்பெண் பெறலாம். அவரிடம் திருத்த வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாமவர் குறைவாகத்தான் தேடுகிறார். ஆனால் ஒவ்வொரு தேடலும் அவரை உடைக்கிறது, வேலையை நிறுத்துகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. எனக்குக் கவலை தருபவர் இவர்தான். மொத்தத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இந்த இருவரும் ஒரே மனிதர். அதனால் உங்கள் மூன்று தாள்களையும் எடுத்து, பிரிவுவாரியாகக் கூட்டிப் பாருங்கள். எது ஏறியிறங்கியது, எது மூன்று முறையும் அசையாமல் நின்றது என்பது, 38-ஆ 43-ஆ என்பதைவிட அதிகம் சொல்லும்.

மூன்று முறை மூன்று எண் வந்ததற்குக் காரணம் கருவியின் கோளாறாகவோ உங்கள் நேர்மையின்மையாகவோ இருக்க வேண்டியதில்லை. மனத்தை அளக்கும் எந்த வினாத்தாளுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. கணக்கு எளிது: ஒரு குழுவில் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் குறிக்கும் திட்ட விலக்கத்தை, ஒன்றிலிருந்து நம்பகத்தன்மைக் குணகத்தை, அதாவது வினாத்தாளின் அளவு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்ணை, கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்குத் திட்ட விலக்கம் 9, நம்பகத்தன்மை 0.90 என்று வைத்துக்கொண்டால் பிழை ஏறக்குறைய 2.8 புள்ளி, நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை பொருந்தக்கூடிய எல்லை அதைப்போல இருமடங்கு, கூடவும் குறையவும் ஐந்தரைப் புள்ளி. அப்படியானால் 38 என்பது 32-க்கும் 44-க்கும் இடையில் எங்கோ என்றுதான் வாசிக்கப்பட வேண்டும். உங்கள் 35-உம் 43-உம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நான் எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும் விளக்கத்துக்காகத்தான் என்றாலும், நல்ல வினாத்தாள் என்று பெயர் வாங்கியவற்றிலும் பிழை இந்த அளவில்தான் இருக்கும். ஆகவே 38-லிருந்து 35-க்கு இறங்கியதை முன்னேற்றம் என்றும், 43-க்கு ஏறியதைச் சரிவு என்றும் படித்திருந்தால், இரண்டும் தேவையற்றவை.

ஆனால் அந்த மூன்று தாள்களில் எண்ணுக்கு அப்பால் ஒரு செய்தி இருக்கிறது; அதைச் சொல்லாமல் போனால் என் பதில் நேர்மையானதாக இருக்காது. ஒரே வாரத்தில் மூன்று முறை ஏன் நிரப்பினீர்கள்? முதல் எண் பயமூட்டியதால் இரண்டாவது, இரண்டாவது இன்னும் கூடிவிட்டதால் மூன்றாவது, மூன்றாவது சற்றுக் குறைந்ததும் கொஞ்சம் நிம்மதி, பிறகு எது சரி என்ற சந்தேகம் என்று நடந்திருந்தால், அறிகுறியைத் தேடும்போது நடப்பதும் இதுவேதான். தேடப்படும் பொருள் மட்டும் மாறியிருக்கிறது. அளவுகோலே ஆறுதல் தேடும் இடமாகிவிடுவது நான் அடிக்கடி பார்ப்பது. அதனால்தான் நான் வினாத்தாளைக் கையோடு கொடுத்தனுப்புவதில்லை. சிகிச்சை தொடங்கும்போது ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை, அதுவும் ஏறக்குறைய அதே நேரத்தில், தேடல் நடந்து சில மணி நேரமாவது ஆன பிறகு.

எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்ற கேள்விக்கு நேரான பதில்: இந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் இதற்குமேல் நோய், இதற்குக் கீழ் நலம் என்று கோடு கிழிக்கவில்லை. கோடு இருக்கும் வினாத்தாள்களிலும் அந்தக் கோடு நாம் நினைக்கும் வேலையைச் செய்வதில்லை. பொதுவான மனப்பதற்றத்துக்கு உலகெங்கும் பயன்படும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வி வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் வெளிவந்த அதன் மூல ஆய்வில், 21-க்கு 10 என்ற எல்லையை வைத்தபோது, கோளாறு உள்ளவர்களில் 89 விழுக்காட்டினரை அது பிடித்தது, இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐம்பது பேருக்குத்தான் உண்மையில் கோளாறு இருக்கிறது என்று கொள்வோம். அந்த ஐம்பதில் ஏறக்குறைய 45 பேர் எல்லையைத் தாண்டுவார்கள். மீதி 950 பேரில் 18 விழுக்காடு, அதாவது 171 பேர், கோளாறு இல்லாமலே எல்லையைத் தாண்டுவார்கள். எல்லையைத் தாண்டிய 216 பேரில் உண்மையில் கோளாறு உள்ளவர் ஐந்தில் ஒருவர்தான். இவ்வளவு சோதிக்கப்பட்ட கருவிக்கே இந்த நிலை என்றால், கோடே கிழிக்கப்படாத ஒன்றில் கிடைத்த 38-ஐ வைத்து உங்களுக்குப் பெயர் சூட்டுவது முறையல்ல. மேல் விசாரணை தேவையா என்று யோசிக்க வைப்பதுதான் வினாத்தாளின் வேலை. விசாரணை என்பது ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பது.

தேடலா பயமா எது முதல் என்பதில் ஆய்வுகள் சொல்வதையும் சொல்லாததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019-இல் மெக்மல்லன் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, உடல்நலப் பதற்றத்துக்கும் இணையத்தில் உடல்நலத் தகவல் தேடும் அளவுக்கும் இடையிலான தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.34 என்றும், உடல்நலப் பதற்றத்துக்கும் சைபர்காண்ட்ரியா மதிப்பெண்ணுக்கும் இடையிலான தொடர்பு 0.62 என்றும் வந்தது. எவ்வளவு தேடுகிறோம் என்பது பதற்றத்தோடு மிதமாகவே ஒட்டுகிறது, எப்படித் தேடுகிறோம் என்பது நன்றாக ஒட்டுகிறது என்று இதைப் படிக்கலாம். நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. தேடிய பிறகு பயமாக இருக்கிறதா என்று கேட்கும் கூற்றுகள் சைபர்காண்ட்ரியா அளவுகோலிலேயே இருக்கின்றன. பயத்தைப் பற்றிக் கேட்கும் ஒரு வினாத்தாளும் பயத்தைப் பற்றிக் கேட்கும் இன்னொரு வினாத்தாளும் ஒத்துப்போவதில் எவ்வளவு கண்டுபிடிப்பு, எவ்வளவு எதிரொலி என்பது விவாதத்துக்குரியது. மேலும் இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்பவை. எது எதற்கு முன்னால் நடந்தது என்பதை அவற்றால் காட்ட முடியாது. சிகிச்சை அறையில் நான் காண்பது ஒரு வட்டம்: பயம் தேடலைத் தொடங்குகிறது, தேடல் சிறிது நேரம் பயத்தைத் தணிக்கிறது, தணிந்த அந்த நிம்மதியே அடுத்த முறையும் தேடச் சொல்லிக்கொடுக்கிறது. நூற்றுக்கு நூறு உறுதி வேண்டும் என்று கேட்கும் மனம் உள்ளவர்களிடம் இந்த வட்டம் வேகமாகச் சுழல்கிறது. இணையம் எதைக் கொடுத்தாலும் நூற்றுக்கு நூறைக் கொடுக்காது.

இந்த அளவுகோல் கண்டுகொள்ளாத சில ஆட்களும் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் வந்தபோது அவருடைய மதிப்பெண் 20-ஐத் தாண்டவில்லை. விசாரித்தால், இணையத்தைத் திறந்தாலே நடுக்கம் வருவதால் தேடுவதை அறவே நிறுத்திவிட்டு, மனைவியைத் தேடச் சொல்லி, அவர் படித்துக் காட்டும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். தவிர்ப்பதும் அதே பயத்தின் இன்னொரு உருவந்தான். ஆனால் 'எவ்வளவு தேடுகிறீர்கள்' என்று கேட்கும் தாளில் தவிர்ப்பவர் நலமானவராகத் தெரிவார். இன்னொன்று, இந்தக் கூற்றுகள் தேடுபொறியில் சொற்களை இட்டு, பக்கம் பக்கமாகத் திறந்து படித்த காலத்தில் எழுதப்பட்டவை. உரையாடல் செயலியிடம் அறிகுறியைச் சொல்லி, அது பதில் சொல்ல, 'நிச்சயமாகவா?' என்று திரும்பக் கேட்டு, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் இன்றைய பழக்கத்தை அவை சரியாகப் பிடிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மொழிபெயர்ப்பும் ஒரு சிக்கல். 'பதற்றம்', 'கவலை', 'பயம்', 'படபடப்பு' என்று எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். மொழிபெயர்த்த தாளை அந்த மொழி பேசுவோரிடம் புதிதாகச் சோதிக்காமல் மூலத்தின் எண்களோடு ஒப்பிடுவது சரியாகாது. நீங்கள் நிரப்பியது ஆங்கில மூலமா, யாரோ தாமாகப் பெயர்த்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் நான் அதிகம் நம்புவது வேறொரு அளவை. இரண்டு வாரத்துக்கு, உடல்நலம் பற்றித் தேடும் ஒவ்வொரு முறையும், தொடங்கும் முன் உங்கள் பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடுங்கள். தேடி முடித்தவுடன் ஓர் எண். ஒரு மணி நேரம் கழித்து ஓர் எண். எதைத் தெரிந்துகொள்ளத் தேடினீர்கள் என்பதைத் தேடுவதற்கு முன்பே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கிடைத்த விடையோடு நிறுத்தினீர்களா, வேறு எங்கோ போனீர்களா என்பதைப் பிறகு எழுதுங்கள். எவ்வளவு நேரம் என்பதை நினைவிலிருந்து எழுதாதீர்கள், அதில் நாம் எல்லோரும் மோசமான சாட்சிகள். கைப்பேசி தானே பதிந்துவைக்கும் நேரத்தைப் பாருங்கள். இப்படி எழுதும்போது பெரும்பாலும் மூன்று கோலங்களில் ஒன்று தெரியவரும். 6, 3, 2 என்று இறங்கி அப்படியே நின்றால், தேடல் தன் வேலையைச் செய்துவிட்டது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 6, 8, 8 என்று ஏறினால், தேடல் நேரடியாகப் பயமூட்டுகிறது. இதைக் கண்ணால் பார்த்தவுடனே பலர் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள். 6, 4, 7 என்று உடனே இறங்கி ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏறுவதுதான் பிடிவாதமானது. அந்த நடு எண்ணின் இதத்துக்காகத்தான் மனம் மறுபடி மறுபடி போகிறது. பன்னிரண்டு கூற்றுகளையும் எத்தனை முறை நிரப்பினாலும் இந்த மூன்று கோலங்களை அவற்றால் பிரித்துக் காட்ட முடியாது, ஏனென்றால் அவை கேட்பது மொத்தமாக எப்படி இருக்கிறது என்பதை. இந்தக் குறிப்பு கேட்பது ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை.

இதற்கும் குறைகள் உண்டு. எழுதத் தொடங்கியதுமே நடத்தை மாறும். பேனாவை எடுக்க வேண்டுமே என்ற சோம்பலில் தேடாமல் விட்டவர்கள் உண்டு. அளவீடாகப் பார்த்தால் அது பிழை, சிகிச்சையாகப் பார்த்தால் ஆதாயம். சிலருக்கு இந்தக் குறிப்பேடே இன்னொரு சோதிப்புப் பழக்கமாகிவிடும். எண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கத் தோன்றினால் அன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரம் என்ற கணக்குக்கும் ஆய்வு ஆதாரம் என்று எதையும் காட்டமாட்டேன், வார நாளும் விடுமுறை நாளும் இரண்டு முறை வந்துபோகும் என்பதால் நான் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

உங்களைத் தேட வைக்கும் உடல் அறிகுறி உண்மையில் ஒன்று இருக்குமானால், அதை ஒரு மருத்துவரிடம் ஒருமுறை முறையாகக் காட்டிவிடுங்கள். பதற்ற அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்கியவருக்கும் உடல் நோய் வரும். 43 வாங்கினீர்கள் என்பதால் உங்கள் வயிற்றுவலி பொய்யாகிவிடாது. மருத்துவர் பார்த்து முடித்த பிறகும் ஆறு மாதமாக இந்தப் பயம் விடவில்லை என்றாலோ, தேடல் உங்கள் வேலையையோ தூக்கத்தையோ வீட்டில் உள்ளவர்களுடனான பேச்சையோ தின்றுகொண்டிருக்கிறது என்றாலோ, ஆறு மாதம் ஆவதற்கு முன்பே வாழ்க்கை நின்றுபோனதாக உணர்ந்தாலோ, மனநல மருத்துவரையோ உளவியல் சிகிச்சையாளரையோ பாருங்கள். உடல்நலப் பதற்றத்துக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை பலன் தருகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று; அந்தச் சிகிச்சையை இணையம் வழியாகவே கொடுத்தபோது சைபர்காண்ட்ரியா மதிப்பெண்ணும் இறங்கியதை நியூபி, மெக்எல்ராய் இருவரும் 2020-இல் காட்டினார்கள். பயத்தை வளர்த்த இணையமே மருந்தையும் கொண்டுவந்து கொடுத்தது சற்று வேடிக்கைதான்.

சிகிச்சையாளரைப் பார்க்கப் போகும்போது 38, 43, 35 என்ற மூன்றில் எதைச் சொல்வது என்று குழம்ப வேண்டாம். மூன்று தாள்களையும், ஒவ்வொன்றையும் எந்த நாளில் எந்த நேரத்தில் நிரப்பினீர்கள், அதற்குச் சற்று முன்னால் எதைத் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்ற குறிப்போடு கொண்டுபோங்கள். நான்காவது தாளை அவர் கொடுக்கும்போது நிரப்பினால் போதும்.